மரத்தின் மேலே பேட்டரி செயின்சா: வாங்கிய முதல் வாரத்தில் எழும் கேள்விகள்

மேலே கைப்பிடி வைத்த செயின்சா மரம் ஏறிக் கிளை கழிப்பவருக்கென்றே செய்யப்பட்டது. சாதாரண மெஷினில் பின்பக்கம் வால் போல நீளும் கைப்பிடி இதில் இருக்காது. எடை சமமாக நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயே பிடி இருக்கும். பல ஆண்டுகளாக இந்த வேலைக்குப் பெட்ரோல் மெஷின்கள்தான் இருந்தன: ஸ்டில் எம்எஸ் 201 டி, ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி, எக்கோ சிஎஸ்-2511டி. இப்போது ஸ்டில் எம்எஸ்ஏ 161 டி, எம்எஸ்ஏ 220 டி, ஹஸ்க்வர்னா டி540ஐ எக்ஸ்பி என்று பேட்டரியில் ஓடுபவையும் வந்துவிட்டன. பெட்ரோலில் கைப்பழக்கம் உள்ளவர் பேட்டரிக்கு மாறும்போது கேட்பவை இவை.

கையில் எடுத்ததும் முதலில் தெரியும் வித்தியாசம் என்ன?

எடையோ வேகமோ அல்ல. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் இருக்கும் அமைதி.

மரத்தில் இருப்பவர் நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருப்பதில்லை. பத்து நொடி அறுப்பார், பிறகு இரண்டு மூன்று நிமிடம் இடம் மாறுவார், கயிறு மாற்றுவார், அடுத்த கிளையில் காலூன்றுவார். பெட்ரோல் மெஷினை ஒவ்வொரு முறையும் கயிறு இழுத்துக் கிளப்பச் சோம்பிப் பலரும் இடுப்பில் ஓடவிட்டே நகர்வார்கள். பேட்டரியில் அந்தக் கெட்ட பழக்கத்துக்குத் தேவையே இல்லை. விசையை விட்டால் செயின் நிற்கிறது, அழுத்தினால் அந்தக் கணமே முழு வேகத்தில் ஓடுகிறது. கீழே நிற்பவரிடம் சாதாரணக் குரலில் பேசலாம். புகை முகத்தில் அடிக்காது.

எடையில் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். எம்எஸ்ஏ 161 டி பேட்டரி, பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு), செயின் இல்லாமல் 2.1 கிலோ. அதில் 1.3 கிலோ எடையுள்ள ஏபி 200 பேட்டரியைச் செருகினால் 3.4 கிலோ. எம்எஸ் 201 டி பெட்ரோலும் பாரும் இல்லாமல் 3.7 கிலோ. எக்கோ சிஎஸ்-2511டியோ 2.3 கிலோதான். கடையில் எடையைக் கேட்டால் "பேட்டரியோடா, இல்லாமலா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். விளம்பரங்களில் பெரும்பாலும் பேட்டரி இல்லாத எடையே இருக்கும். இன்னொன்று: பெட்ரோல் டேங்க் காலியாகக் காலியாக மெஷின் கால் கிலோ வரை லேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை அப்படியேதான் இருக்கும். மாலையில் தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

பலம் போதுமா? எவ்வளவு தடிமன் வரை அறுக்கலாம்?

இது மெஷினின் ரகத்தைப் பொறுத்தது. எம்எஸ்ஏ 161 டி போன்றவை கால் அங்குல பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) கொண்ட மெல்லிய செயினில் ஓடுபவை. செயின் வேகம் நொடிக்கு 16 மீட்டர். கவாத்துக்கும், கட்டை விரல் பருமனிலிருந்து தொடை பருமன் வரையுள்ள கிளைகளுக்கும் இவை அருமையானவை. வெட்டுவாய் குறுகல், முகம் ரந்தா போட்டதுபோல வழுவழுப்பாக வரும், அதனால் காயமும் சீக்கிரம் மூடும். டி540ஐ எக்ஸ்பியில் செயின் நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் ஓடும். அது பெட்ரோல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது.

30 செ.மீ. பார் இருக்கிறது என்பதற்காக 28 செ.மீ. கிளையை அறுத்துக்கொண்டே இருக்கலாம் என்று எண்ண வேண்டாம். பாரின் பாதி நீளத்துக்குள் முடியும் வெட்டுகள்தான் இதன் சொந்த வேலை. பச்சைத் தூங்குமூஞ்சியும் முருங்கையும் வெண்ணெய்போல அறுபடும். காய்ந்த புளியின் வைரத்தில் அதே மெஷின் திணறும், பேட்டரியும் கண்முன்னே இறங்கும். அடித்தண்டை வீழ்த்துவதற்கு இதைத் தொடாதீர்கள். அதற்குப் பின்கைப்பிடி மெஷின் வேறு இருக்கிறது.

ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம்?

"இத்தனை நிமிடம்" என்ற பதிலை நம்பாமல் நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியின் மேல் வாட் ஹவர் என்று ஓர் எண் இருக்கும். ஏபி 200ல் 187, ஏபி 300 எஸ்ஸில் 281. அந்த எண் இல்லையென்றால் வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்குங்கள். முழு அழுத்தத்தில் மோட்டார் 2 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால் 281 வாட் ஹவர் சுமார் எட்டரை நிமிடத்தில் தீரும். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் அது செயின் மரத்துக்குள் ஓடும் நேரம் மட்டுமே. ஒரு வெட்டுக்கு 5 நொடி என்றால் நூறு வெட்டு. மேலே சொன்னபடி நடுவில் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒருவருக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை அது.

தொழிலாகச் செய்பவருக்கு மூன்று பேட்டரிக்குக் குறையக் கூடாது: ஒன்று மேலே, ஒன்று சார்ஜரில், ஒன்று ஆறிக்கொண்டு. சார்ஜர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 75 வாட் சார்ஜரில் 281 வாட் ஹவர் ஏற நான்கு மணி நேரம் பிடிக்கும். 500 வாட் சார்ஜரில் முக்கால் மணிக்குள் வேலைக்குத் தேவையான அளவு ஏறிவிடும். மெஷினோடு கொடுக்கும் சார்ஜர் எது என்று பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எஸ்டேட் மாதிரி கரண்ட் இல்லாத இடம் என்றால் வண்டியிலிருந்து ஏற்ற நினைப்பீர்கள். வண்டியின் சிகரெட் லைட்டர் துளையில் 500 வாட் சார்ஜர் ஓடாது. 12 வோல்ட்டில் அது 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஃப்யூஸ் போய்விடும். வண்டி பேட்டரியில் நேரடியாகத் தடித்த ஒயரில் இணைத்த, சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் இன்வெர்ட்டர் வேண்டும், இன்ஜினும் ஓட வேண்டும். எண்ணிப் பார்த்தால் இன்னொரு பேட்டரி வாங்குவதே மேல்.

அறுத்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. பெட்ரோல் மெஷின் சுமை ஏறினால் முனகும், வேகம் குறையும், கை தானாக அழுத்தத்தைத் தளர்த்தும். எலக்ட்ரிக் மோட்டார் முனகாது. கரண்ட் எல்லை மீறியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் மோட்டாரை நிறுத்திவிடும். விசையை முழுவதும் விட்டு, மெஷினைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி அழுத்தினால் ஓடும்.

அடிக்கடி நின்றால் இந்த வரிசையில் பாருங்கள். செயின் மழுங்கியிருக்கிறதா? பத்தில் எட்டு முறை இதுதான். செயின் அளவுக்கு மேல் இறுக்கமா? கையுறை போட்ட கையால் இழுத்தால் பாரைச் சுற்றி எளிதாக ஓட வேண்டும். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் ஈரத்தூளும் பட்டை நாரும் கெட்டியாக அடைத்திருக்கிறதா? ஆயில் இறங்குகிறதா? இவையெல்லாம் சரியென்றால் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அது ஆறும்வரை மெஷின் ஓடாது.

வேறொன்றும் உண்டு. சில மெஷின்கள் சில நிமிடம் தொடாமல் வைத்திருந்தால் தாமாக அணைந்துவிடும். பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். மேலே ஏறியதும் "ஓடவில்லை" என்று குரல் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இந்த பட்டனையோ, செயினைப் பூட்டி நிறுத்தும் செயின் பிரேக்கையோ மறந்தவர்கள்.

செயின் பிரேக், விசை, பட்டன் எல்லாம் சரி. ஒரு கையால் அறுக்கலாமா?

கூடாது. மேல்கைப்பிடி மெஷினில் நடக்கும் காயங்கள் பெரும்பாலும் இடது கையிலும் இடது முன்கையிலும் ஏற்படுவதற்குக் காரணம் இதுதான்: வலது கையில் மெஷின், இடது கையில் கிளை. பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது தட்டினால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். பின்கைப்பிடி மெஷினில் இரு கைகளுக்கும் நடுவே உள்ள தூரம் அதைத் தடுக்கும். இதில் இரண்டு பிடியும் நெருக்கமாக இருப்பதால் இரு கையால் பிடித்தாலே தடுப்பது கடினம். ஒரு கையில் வாய்ப்பே இல்லை. பேட்டரி மெஷின் லேசாகவும் அமைதியாகவும் இருப்பதால் கை தானாக ஒன்றை விட்டுவிடத் துடிக்கும். முதல் வாரத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது இதையே. இடது கட்டை விரல் முன்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும், மற்ற விரல்களோடு சேர்ந்து மேலே கிடக்கக் கூடாது.

"கிளையைப் பிடிக்காவிட்டால் கூரையில் விழுமே?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஒடிவெட்டு. 10 செ.மீ. கிளை என்றால் ஒரு பக்கத்திலிருந்து பாதிக்குச் சற்று அதிகமாக ஒரு வெட்டு. பிறகு 2 அல்லது 3 செ.மீ. தள்ளி, எதிர்ப்பக்கத்திலிருந்து அதேபோல் பாதியைத் தாண்டி இன்னொரு வெட்டு. இரண்டு வாயும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும், நடுவில் நீளவாக்கில் ஒரு நார்ப்பட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். செயினை நிறுத்தி, பிரேக்கைத் தள்ளி, மெஷினை இடுப்பில் தொங்கவிடுங்கள். இப்போது இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒடித்தால் "சடக்" என்று பிரியும். அதைத் தூக்கி வெற்றிடம் பார்த்து எறியலாம். வெட்டுக்கு நடுவே முழுதாக நின்றுவிடும் பேட்டரி மெஷினுக்கு இந்த முறை மிகப் பொருத்தம். நார் நீளமாகக் கிழியும் மரங்களில் முதலில் சிறு கொப்பில் பழகிப் பாருங்கள்.

சத்தம் இல்லாததால் ஆபத்து உண்டா?

உண்டு. பெட்ரோல் மெஷின் ஓடும்போது தெருவுக்கே தெரியும், யாரும் மரத்தடிக்கு வர மாட்டார்கள். பேட்டரி மெஷினில் கீழே இருப்பவருக்கு நீங்கள் அறுக்கப் போகிறீர்களா, ஓய்வெடுக்கிறீர்களா என்றே தெரியாது. விழுந்த கிளையை இழுக்க உள்ளே வந்துவிடுவார். ஆகவே குரல் கட்டாயம். மேலே இருப்பவர் "வெட்டப் போறேன்" என்று சொல்லி, கீழிருந்து "சரி" என்று பதில் வந்த பிறகே விசையைத் தொட வேண்டும். பதில் வராவிட்டால் காத்திருங்கள்.

நகரும்போதும் இதே பிரச்சினை. ஓடாத மெஷின் செத்த மெஷின் அல்ல. கிளை இடுக்கில் விசை மாட்டினால் செயின் சுற்றும். இடுப்பில் மாட்டுமுன் பிரேக், பிறகு பட்டனை அணைப்பது. செயினைத் தொட்டுச் சரிசெய்யும் எந்த வேலைக்கும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இந்த மூன்றையும் ஒரே அசைவாகப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

அறுக்கும் நேரத்துச் சத்தமும் ஒன்றும் குறைவல்ல. முழுச் சுமையில் பல மெஷின்கள் 85 டெசிபெல்லைத் தாண்டும். காது மூடியைக் கழற்ற இது காரணமாகாது.

மேலே எடுத்துப் போவதும் தொங்கவிடுவதும் எப்படி?

மெஷினின் பின்புறம் உள்ள வளையத்தில் இழுவைப் பட்டை கட்டி இடுப்பு பெல்ட்டில் மாட்ட வேண்டும். அந்தப் பட்டை அளவுக்கு மீறிய இழுப்பில் பிரிந்துவிடும் வகையாக இருப்பது நல்லது. பார் வெட்டுக்குள் மாட்டிக்கொண்ட நிலையில் கிளை விழுந்தால், கிளையோடு மெஷின் போகட்டும், நீங்கள் போகக் கூடாது. செயின்சா கையில் இருக்கும்போது ஏறு கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிறு ஒன்று என இரண்டு பிடிப்பு வேண்டும். செயின் ஒரு நொடி பட்டாலே கயிறு போய்விடும். பேட்டரியைக் கீழிருந்து அனுப்பப் பையில் போட்டு இழுங்கள், தூக்கி எறிந்து பிடிக்க வேண்டாம். ஒருமுறை கீழே விழுந்து ஓடு விரிந்த லித்தியம் பேட்டரியை மறுபடி செருகவே கூடாது.

செயினை எப்போது, எப்படித் தீட்டுவது?

பேட்டரி மெஷினில் மழுங்கிய செயினுக்கு நீங்கள் கொடுக்கும் விலை சார்ஜ். அதனால் பெட்ரோலுக்குச் செய்ததைவிட இருமடங்கு அடிக்கடி தீட்டுங்கள். கீழே விழும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். பூத்துருவல்போலச் சீவல் சீவலாக இருந்தால் கூர்மை நன்றாக இருக்கிறது. கோதுமை மாவுபோலப் பொடியாக இருந்தால் உடனே இறங்குங்கள். மெஷின் தானாக மரத்துக்குள் இறங்காமல் நீங்கள் அழுத்த வேண்டியிருந்தாலும் அதே பொருள்.

அரத்தின் அளவில் தவறு செய்யாதீர்கள். கால் அங்குல பிட்ச் மெல்லிய செயினுக்கு 3.2 மி.மீ. உருட்டு அரம். எட்டில் மூன்று அங்குலம் என்று சொல்லும் 3/8 பிக்கோ (உயரம் குறைந்த ரகம்) செயினுக்கு 4 மி.மீ. கடையில் எல்லாச் செயினுக்கும் 4.8 மி.மீ. அரத்தை எடுத்து நீட்டுவார்கள். அதைப் போட்டால் பல்லின் கொக்கி போய் முனை மொட்டையாகிவிடும். 30 பாகைக் கோணம், உள்ளிருந்து வெளியே, ஒரு பல்லுக்கு இரண்டு அல்லது மூன்று இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள். 30 செ.மீ. பாரில் ஏறும் கால் அங்குலச் செயினில் 64 கண்ணி, அதாவது 32 வெட்டுப் பல். அதே நீளத்துக்கு 3/8 செயினில் 22 பல்தான். மெல்லிய செயினைத் தீட்ட நேரம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சிறு மேடுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 3/8 பிக்கோவில் அது பல்லின் உச்சியைவிட 0.65 மி.மீ. தாழ்வாகவும், கால் அங்குலத்தில் 0.45 மி.மீ. தாழ்வாகவும் இருக்க வேண்டும். இதற்கென ஒரு தகட்டு அளவுகோல் விற்கிறது. "நல்லா கடிக்கட்டும்" என்று மேட்டை அதிகமாகத் தேய்த்தால் பேட்டரி மெஷின் ஒவ்வொரு வெட்டிலும் நின்று போகும், எகிறுவதும் அதிகரிக்கும்.

சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணியும், பட்டைக்குள் புதைந்த முள்கம்பியும் இருக்கும். ஒரே தொடுதலில் செயின் போய்விடும். மாற்றுச் செயின் பையில் இல்லாமல் ஏறாதீர்கள். புதுச் செயின் முதல் சில வெட்டுகளிலேயே நீளும், நிறுத்தி இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்திவிடுங்கள், குளிர்ந்து சுருங்கும்போது பாரையும் மோட்டார் தண்டையும் இழுக்காமல் இருக்கும்.

பெட்டியில் வைத்தால் ஆயில் ஒழுகுகிறது. பழைய இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

கொஞ்சம் ஒழுகுவது இந்த ரகத்தில் சகஜம். டேங்க் சின்னது, காற்றுப் போகும் துளையும் உண்டு, வெயிலில் ஆயில் இளகிவிடும். இரவு காலி செய்து வைப்பதே வழி. பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் உலோகத்தூள் இருக்கும், சின்ன பம்பை அடைக்கும். செயின் அதை உங்கள் முகத்திலும் மரக் காயத்திலும் தெளிக்கும், நாள்பட்டால் தோலுக்குக் கேடு. செயினில் ஒட்டி நிற்கும்படி செய்த பார் ஆயில்தான் சரி. ஆயில் வருகிறதா என்று பார்க்க, வெளிர்நிறமான கட்டைக்கு ஒரு சாண் மேலே பாரின் நுனியை நீட்டி ஓடவிடுங்கள். சில நொடியில் கோடாகத் துளிகள் விழ வேண்டும்.

தென்னை, பனைக்கு உதவுமா?

மட்டை வெட்டவென்றால் அரிவாளை வெல்ல எதுவும் இல்லை. தென்னை நார் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கயிறு திரித்துவிடும். பனை, தென்னை வகைகளின் திசுவில் சிலிக்கா இருப்பதால் கூர்மையும் சீக்கிரம் போகும். பட்டுப்போன தென்னையைத் துண்டு துண்டாக இறக்கவேண்டி இருந்தால் செய்யலாம். மூன்று நான்கு வெட்டுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி நாரை எடுங்கள்.

சித்திரை வெயில், ஐப்பசி மழை?

மழையைவிட வெயில்தான் பேட்டரிக்குப் பகை. பொதுவாக 5 முதல் 40 டிகிரிக்குள்தான் ஏற்ற வேண்டும் என்பார்கள். சூடான பேட்டரியைச் செருகினால் சார்ஜர் ஏற்றாமல் காத்திருக்கும். அதைக் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் ஆறவிடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் உள்ளே நீர் பூக்கும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் மதியம் விட்டுவிட்டுப் போவது மிகக் கெடுதல்.

தூறலைப் பல மெஷின்கள் தாங்கும். சார்ஜர் தாங்காது. ஆனால் வழுக்கும் மரத்தில் மழையில் ஏறுவதே தவறு.

மின்கம்பி அருகில் பேட்டரி மெஷின் பாதுகாப்பா?

இல்லை. பிளாஸ்டிக் உடல் என்பதால் யாரையும் அது காப்பாற்றாது. பச்சைக் கிளை, ஈரக் கயிறு, பார் எல்லாமே மின்சாரம் கடத்தும். அமெரிக்காவில் பயிற்சி பெறாதவர் 50 கிலோவோல்ட் வரையுள்ள கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது விதி. நம் தெருவுக்கும் அந்தத் தூரம் பொருந்தும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தி, அவர்கள் ஆள் முன்னிலையில்தான் ஏற வேண்டும்.

என்ன உடை?

ஐரோப்பியத் தரத்தில் செயின்சா கால்சட்டையின் முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது, இரண்டாம் வகுப்பு 24 மீட்டருக்கு. 16 மீட்டரில் ஓடும் மெஷினுக்கு முதல் வகுப்பு போதும். 24 மீட்டர் மெஷின் வாங்கினால் இரண்டாம் வகுப்பு தேவை. மரத்தில் கால் எந்தப் பக்கமும் திரும்புவதால் சுற்றிலும் காப்பு உள்ள சி ரகம் வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: உள்ளே உள்ள நார் செயினைச் சுற்றி நிறுத்துவதுதான் இதன் வேலை. எலக்ட்ரிக் மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு இழுப்பு கொடுக்கும், நார் சுற்றியும் விசை அழுத்தத்திலேயே இருந்தால் தொடர்ந்து இழுக்கப் பார்க்கும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து கொண்டுவரலாமா?

மெஷினைக் கொண்டுவரலாம், இந்த அளவு பேட்டரியைக் கொண்டுவர முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாட் ஹவருக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேல் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. 187, 281 எல்லாம் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். இங்கே அதே பேட்டரியும் சர்வீஸும் கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே வெறும் மெஷினை வாங்குங்கள்.

பேட்டரி நீடித்து உழைக்க?

சில வாரம் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, குளிர்ந்த அறையில் வையுங்கள். முழுதாக ஏற்றியும், முற்றிலும் தீர்த்தும் வைப்பது இரண்டுமே ஆயுளைக் குறைக்கும். பேட்டரிகளுக்கு எண் எழுதி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

அப்படியானால் பெட்ரோல் மெஷினை விற்றுவிடலாமா?

வீட்டு மரம், பள்ளி, மருத்துவமனை வளாகம், தெருவோரக் கவாத்து இவையே உங்கள் வேலை என்றால் தைரியமாக விற்கலாம். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை நாள் முழுக்க வரிசையாகக் கழிப்பவரும், புயலுக்குப் பின் கரண்டே இல்லாத ஊரில் மரம் அகற்றுபவரும் விற்க வேண்டாம். ஒரு கேன் பெட்ரோல் செய்யும் வேலைக்கு எத்தனை பேட்டரி தூக்க வேண்டும் என்பது அங்கே போனால் புரியும். கலிபோர்னியாவில் 2024 மாடல் முதல் சிறிய இன்ஜின் கருவிகள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 45 சிசிக்குக் கீழுள்ள செயின்சாக்களும் அதில் சேரும், மேல்கைப்பிடி மெஷின்கள் எல்லாமே அந்த அளவுக்குள்தான். கம்பெனிகள் பேட்டரியில் இவ்வளவு வேகம் காட்ட அதுவும் ஒரு காரணம். நம் ஊரில் அப்படி நெருக்கடி ஒன்றுமில்லை. ஒரு மாதம் இரண்டையும் மரத்தடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், கை எதை அதிகம் கேட்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.